அம்மம்மா வீட்டுத் தமயந்தி

அன்புள்ள அண்ணா,

களுவாஞ்சிக்குடியில் எங்கள் அம்மம்மா வீட்டு விறாந்தையில் ரவிவர்மாவின் தமயந்தி படம் தொங்குகிறது. அன்னத்தோடு நிற்கிற படம், பழைய கலண்டரிலிருந்து வெட்டிக் கண்ணாடி போட்டது. நீலம் பாரித்த அந்த முகத்தில் எனக்குத் துயரம்தான் தெரிகிறது. அம்மம்மாவும் "பாவம், விட்டிட்டுப் போயிட்டான்" என்பா. அன்னம் தூய்மைக்கும் தாமரை வாடிய மனதுக்கும் குறியீடு என்று நினைக்கிறேன். சரியா?

வாசகி, களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்த நீலத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது விறாந்தை வெயிலின் வேலை. வெயில் படுகிற அச்சுப்படங்களில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், நீலம் மிஞ்சும். 1899இல் ரவிவர்மா வரைந்த மூலத்தில் அவள் சேலை நல்ல சிவப்பு. மனதுக்குள் அந்தச் சிவப்பைப் பூசிவிட்டு மறுபடி பாருங்கள்.

அப்புறம், கதையில் இது எந்த இடம்? நளனை அவள் இன்னும் கண்ணால் கண்டதில்லை. அன்னம் அவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. விட்டுப்போக ஆளே இன்னும் வரவில்லையே! முன்பின் தெரியாத ஒருத்தனைப் பற்றி யாரோ சொல்ல, நம்பலாமா என்று யோசித்தபடி கேட்கிற முகம் அது. கலியாணப் பேச்சோடு வந்தவர் விறாந்தையில் இருக்க, கதவுக்குப் பின்னால் நிற்கும் பெண்ணிடம் நம் வீடுகளிலும் பார்க்கலாம்.

அன்னத்தைத் தூய்மை என்று எடுத்தால் படத்தின் சுவாரசியமே போய்விடும். அது தூது வந்த பறவை. (நம் வாவியில் நீர்க்காகம்தான். அதை நம்பி யார் தூது அனுப்புவது!) தாமரைக்கு நான் பெரிய அர்த்தம் தரமாட்டேன். நம் கவிதைகளில் அன்னம் வந்தால் தாமரைக் குளமும் கூடவே வந்துவிடும்.

ஆனாலும் அம்மம்மாவைப் பிழை சொல்ல மாட்டேன். அவவுக்கு முழுக்கதையும் தெரியும். சூதில் எல்லாவற்றையும் தோற்றுக் காட்டில் நிற்கும் நளனின் துணியைப் பறவை தூக்கிப்போகிறது. பிறகு இருவருக்கும் தமயந்தியின் ஒற்றைச் சேலைதான். இரவில் அதையும் பாதியாக அறுத்துக்கொண்டு அவன் போய்விடுகிறான். அவனைப் பற்றிய பேச்சைக் கொண்டுவந்ததும் பறவை, அவன் துணியைக் கொண்டுபோனதும் பறவை. உங்கள் படத்தில் சேலை இன்னும் முழுசாக இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவ "பாவம்" என்கிறாவோ என்னவோ. அடுத்தமுறை போகும்போது கேட்டு எழுதுங்கள். படத்தையும் வெயில் படாத சுவருக்கு மாற்றிவிடுங்கள்.