சின்னக் காடி, பெரிய சாமான்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1990களில் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை, இரண்டே இருக்கையுள்ள, கூரை திறக்கும் காடி (கார்), பழசாக வாங்கியிருக்கிறேன். தைப்பூசத்துக்கு அலகுக் காவடியை ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். லோரி பிடிக்காமல் இதிலேயே ஏற்றலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கழற்றினால் ஏறும். பூட்டியபடியே என்றால் முருகனே வந்து தள்ளினாலும் ஏறாது.

பின்னால் சாமான் வைக்கும் ‘பூட்’டை (டிக்கியை) நம்பாதீர்கள். உங்கள் மாடலில் ஸ்பேர் டயரும் பேட்டரியும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. மிச்ச இடம் வேட்டி, துண்டு வைத்த பைக்குத்தான் சரி. சாமான் போகவேண்டிய இடம் பக்கத்து இருக்கை. அதைக் கழற்ற 14 மி.மீ. சாக்கெட் போதும். இருக்கையைப் பின்னே தள்ளி முன் போல்ட் இரண்டு, முன்னே இழுத்துப் பின் போல்ட் இரண்டு. தலைசாய்ப்பில் ஸ்பீக்கர் இருந்தால் அடியில் வயர் ஓடும். அதைப் பிரிக்காமல் தூக்கினால் அறுந்துவிடும். இருக்கையின் ரயில் முனை கதவுப் படியின் பெயிண்டைக் கீறும், அதனால் பழைய கைலி ஒன்றை அங்கே விரித்துக்கொள்ளுங்கள்.

திரும்ப மாட்டும்போதுதான் பலர் கெடுக்கிறார்கள். நான்கு போல்ட்டையும் கையாலேயே இரண்டு மூன்று சுற்று இறக்கிய பிறகு சாக்கெட்டைத் தொடுங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டால் அடுத்தது கோணலாக இறங்கி மரை போய்விடும். நட்டு தரையோடு பற்றவைத்தது. மரை போனால் பட்டறைக்குத்தான் போகவேண்டும். (2005க்குப் பின் வந்த எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் இதைச் செய்யாதீர்கள். அதன் இருக்கைக்குள் ஏர்பேக் இருக்கலாம்.)

காவடியைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு இணைப்பிலும் மார்க்கரால் எண் எழுதுங்கள். நட்டுகள் மைலோ டின்னுக்குள் போகட்டும். பெரிய வளைவுக்குள் சின்ன வளைவு, நடுவில் துணி என்று அடுக்கினால் அலுமினியம் உரசாது. மயிற்பீலியை மடிக்காமல் கடைசியாக மேலே நீளவாக்கில் படுக்க வையுங்கள். பெரிய வளைவின் அளவுக்கு அட்டை வெட்டி, முதல் நாளே உள்ளே விட்டுப் பாருங்கள். கூரையை மூடிப் பார்ப்பதும் அவசியம், மழை வந்தால் மூட முடியாத சுமை உதவாது. கூரையை இறக்குமுன் பின்கண்ணாடி பிளாஸ்டிக் என்றால் ஜிப்பைத் திறந்து தட்டையாக விடவேண்டும். மடித்த கூரைமேல் எதையும் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் வெடித்துவிடும்.

இரும்புத் துண்டு எதையாவது பூட்டுக்குள் போடுவதென்றால் பேட்டரி முனைகளுக்கு ரப்பர் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு முனையிலும் இரும்பு பட்டால் ஷார்ட்தான்.

கேள்வி: இதே மாதிரிக் காடியில் 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்) ஏற்றலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம். தோங் நிமிர்ந்தே இருக்கவேண்டும். சாய்த்தால் வால்வுப் பக்கம் ஆவிக்குப் பதில் திரவம் வந்து நிற்கும். மூடிய பூட்டுக்குள் கசிந்தால் பக்கத்திலேயே பேட்டரி. கடைக்காரரிடம் சொன்னால் வீட்டிலேயே கொண்டுவந்து தருவார்.

கேள்வி: கல்யாணத்துக்கு எல்பில் தோட்டத்திலிருந்து இரண்டு வாழைமரம் வரவேண்டும். காடி அதே எம்எக்ஸ்-5.
– வாசகர், ஜாலான் லிந்தாங்

பதில்: எட்டடிக்கு மேல் போகாத கன்றாகப் பாருங்கள். கூரையை இறக்கி, பக்கத்து இருக்கையைக் கழற்றிவிட்டு, வெட்டிய அடிப்பக்கம் கால் வைக்கும் பள்ளத்தில், இலைப்பக்கம் பின்னோக்கி. மாற்றி வைத்தால் காற்று இலையைக் கிழித்து, பந்தல் வாசலில் வெறும் நரம்புதான் நிற்கும். இலைகளைத் தண்டோடு சேர்த்து மடக்கி ஈரச் சாக்கால் சுற்றுங்கள். மரம் சாயும் இடத்தில் பூட் மூடிமேல் மடித்த சாக்கு போடவேண்டும். கயிற்றை முன்கண்ணாடிச் சட்டத்தில் கட்டாதீர்கள். சீட் பெல்ட்டை மரத்தோடு சுற்றி, தரையில் போல்ட் போட்ட இரும்பில் இன்னொரு கட்டு. கியர் கைப்பிடியை மரம் இடிக்கிறதா என்று கிளம்புமுன் எல்லா கியரும் போட்டுப் பாருங்கள், ரிவர்ஸ் உட்பட. பின்னால் நீட்டினால் சிவப்புத் துணி கட்டவேண்டும். அதிகம் நீட்டினால் வேறு வண்டி பாருங்கள்.

வாழைக்கறை துணியில் பட்டுக் காய்ந்தால் கருத்துவிடும், பிறகு எந்த சோப்புக்கும் போகாது. வெட்டியதும் அடிமுனையைக் கால்மணி நேரம் வடியவிட்டு, பிளாஸ்டிக் பையை இரட்டையாகப் போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.