ஒரு கட்டுரையில் எழுதியவரின் சாய்வை எப்படிக் கண்டுபிடிப்பது?

செய்தி போலவே எழுதிக் கருத்தைத் திணிப்பதை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் பார்ப்பது வினைச்சொல்லைத்தான். ‘அமைச்சர் சொன்னார்’ என்பது தகவல். ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் ஏதோ தப்பு செய்து மாட்டியவர் போல ஆகிவிடுகிறார். ‘மழுப்பினார்’ என்றால் தீர்ப்பே எழுதியாயிற்று. இத்தனைக்கும் அவர் பேசியது ஒன்றுதான்.

அப்புறம் குட்டிச் சொற்கள். ‘100 பேர் வந்தார்கள்’, ‘வெறும் 100 பேர்தான் வந்தார்கள்’. எண் அதேதான், தொனி வேறு. அடைமொழிகளை எடுத்துவிட்டுப் படியுங்கள்; மிஞ்சுவதைச் சரிபார்க்க முடிகிறதா என்று பாருங்கள். ‘கருதப்படுகிறது’ என்று வந்தால், யார் கருதுகிறார்கள்? பல நேரம் எழுதியவரேதான்!

எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதைப் பிடிப்பதுதான் கஷ்டம். அதற்கு அதே விஷயத்தை எதிர்த்தரப்பு எழுதியதையும் படித்தே ஆக வேண்டும்.