காலையில் டம்ளர் கை நழுவுவதை டாக்டரிடம் சொன்னீர்களா?

கேள்வி: கோபி பக்கம் எங்கள் ஊர். மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் ஆடுவதைப் பார்க்க விடிய விடிய முழித்திருந்தவள், காலையில் வாசலில் பல் விளக்கும்போது கத்திக்கொண்டே விழுந்து வெட்டி வெட்டி இழுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் கையில் சாவிக்கொத்தைத் திணித்ததும் நின்றது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றவர்கள் மாத்திரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள், அது எதற்கு? அவளுடைய அம்முச்சி சாமி குத்தம் என்கிறார். ஏற்கெனவே சில மாதமாகக் காலையில் காபி டம்ளரைக் கீழே போடுகிறாள், கவனமே கிடையாது. நாளைக்குக் கல்யாணம் என்று வந்தால் என்ன சொல்வது?

பதில்: போகிற போக்கில் டம்ளரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்கு அதுதான் முக்கியம். பதின்ம வயது, எழுந்த கொஞ்ச நேரத்தில் கை வெடுக்கென்று உதறிச் சாமான் விழுவது, தூக்கம் கெட்ட மறுநாள் பெரிய வலிப்பு, இது மூன்றும் சேர்ந்தால் இளம்வயது மயோக்ளோனிக் வலிப்பு என்ற வகையைத்தான் முதலில் சந்தேகிப்போம். நேரில் பார்க்காமல் முத்திரை குத்த மாட்டேன். ஆனால் அவளைத் திட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். அந்த உதறலும் ஒரு குட்டி வலிப்பாகவே இருக்கலாம், அவள் முழு நினைவோடு இருக்கும்போதே வருவது.

மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள். ஒவ்வொன்றும் சோடியத்தை உள்ளே விட்டு, பொட்டாசியத்தை வெளியே விட்டு, சின்ன மின்துடிப்பாகச் சேதி அனுப்புகிறது. தூண்டிவிட குளூட்டமேட், அடக்கிவைக்க காபா என்று இரண்டு ரசாயனங்கள். பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்குடோனுக்குள் நின்றிருக்கிறீர்களா? ஒவ்வொரு தறியும் தன் பாட்டுக்கு அடிப்பதால் வெறும் இரைச்சலாகக் கேட்கிறது, எல்லாம் ஒரே நொடியில் சேர்ந்து அடித்தால் கட்டடமே அதிரும். அடக்குவது குறைந்து தூண்டுவது மிஞ்சி, பெருந்திரளான அணுக்கள் அப்படி ஒன்றாகத் துடிப்பதுதான் வலிப்பு. ஸ்கேன் கட்டடத்தில் விரிசல் உண்டா என்று பார்க்குமே தவிர அடிக்கிற தாளத்தைச் சொல்லாது. தாளத்தைப் பார்ப்பது ஈஈஜி, மூளையின் மின்துடிப்பைப் பதிவுசெய்கிற சோதனை. அதுவும் ஒரு தடவை எடுத்துச் சரியாக இருந்தால் வலிப்பு இல்லை என்று அர்த்தமில்லை, அதனால்தான் சில சமயம் ராத்திரி தூங்கவிடாமல் வைத்திருந்து எடுப்பார்கள்.

அப்புறம் சாவிக்கொத்து. முதலில் உடம்பு முழுக்க விறைக்கும். நெஞ்சுத் தசையும் இறுகுவதால் காற்று குரல்வளை வழியாகப் பீறிட்டு வரும், நீங்கள் கேட்ட அலறல் அதுதான், வலியில் கத்தியதல்ல. மூச்சு தடைப்படுவதால் உதடு நீலமாகும். பிறகு மூளையின் அடக்கும் பக்கம் விட்டுவிட்டுப் பிடிக்க ஆரம்பிக்கும், அதனால் ஒரு வெட்டு, ஒரு இடைவெளி, இன்னொரு வெட்டு. இடைவெளி நீண்டுகொண்டே போய்த் தானாக நின்றுவிடும். பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஓடிப்போய்ச் சாவியைத் தேடி எடுத்துவரவே அவ்வளவு நேரமாகும், பெயர் மட்டும் இரும்புக்கு!

இனி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம், கையைக் காலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள்: ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ 108.

மாத்திரை அந்த ஒன்றுசேர்ந்த துடிப்பு கிளம்பாமல் தடுப்பதற்கு. ஒரு வேளை விட்டாலும் ஆபத்து, நீங்களாக நிறுத்தவே கூடாது. இந்த வகை வலிப்பு மாத்திரைக்கு நன்றாகவே கட்டுப்படும், நிறுத்தினால் திரும்ப வரும் வாய்ப்பும் அதிகம், அதனால் பல வருஷம் போடவேண்டி வரலாம். ஃபினிட்டாயின், கார்பமசெபின் போன்ற சில மருந்துகள் இந்தக் கை உதறலை அதிகப்படுத்தக்கூடும், வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கும் என்பதால் பெண் பிள்ளைகளுக்குக் கூடியவரை தவிர்ப்போம். டம்ளர் விஷயம் தெரியாமல் எழுதிய சீட்டாக இருந்தால் மருந்து மாறலாம், அதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன். பரீட்சைக்கு ராத்திரி முழித்துப் படிக்கிற வேலை வேண்டாம். டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்கூட்டி வேண்டாம், தடப்பள்ளி வாய்க்காலில் தனியாக இறங்குவதும் வேண்டாம்.

அம்முச்சியோடு சண்டை போடாதீர்கள். கோயிலுக்குக் கூட்டிப்போகட்டும், தூக்கமும் மாத்திரையும் கெடாமல் இருந்தால் சரி.

கல்யாணமா, 17 வயசுப் பிள்ளைக்கு இப்போது என்ன அவசரம்? 1955 இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது உண்மை, 1999ல் அதை நீக்கிவிட்டார்கள். வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். கர்ப்பத்துக்கு முன்பே மருந்தைச் சரிபார்த்து ஃபோலிக் அமிலம் தொடங்கவேண்டும், அவ்வளவே. மாப்பிள்ளை வீட்டில் மறைத்துவிட்டு, புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துப் போட்டு, ஒரு நாள் விட்டுப்போய் விழுகிற பெண்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இந்த வாரமே நரம்பியல் டாக்டரிடம் போங்கள். அதற்குள் ஒரு காலையில் கை உதறுவதை ஃபோனில் வீடியோ எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்கூடத்தில் சில நொடி வெறித்துப் பார்த்தபடி நின்றுவிடுகிறாளா என்று டீச்சரிடமும் கேட்டு வையுங்கள்.