ஆவாரையைப் பட்டினி போடுங்கள்

கேள்வி: மொட்டை மாடித் தொட்டியில் ஆவாரை வைத்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். மாதந்தோறும் மண்புழு உரம் போடுகிறேன். இலை மஞ்சளாகி உதிர்கிறது. பூ ஒன்றுகூட வரவில்லை. போதாததற்குப் பச்சைப் புழு வேறு. என்ன மருந்து அடிக்கலாம்?
- வாசகி, காட்பாடி

பதில்: மருந்து வேண்டாம் அம்மா, முதலில் அந்தக் குடத்தைக் கீழே வையுங்கள். ஒடுகத்தூர்ப் பக்கம் போனால் சரளை மேட்டில் ஆவாரை பூத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். அதற்கு யார் வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்? உங்கள் செடியின் வேர் ஊறி அழுகத் தொடங்கியிருக்கும். தொட்டியின் அடித்துளையில் குச்சியை விட்டு அடைப்பை எடுங்கள். மேல்மண்ணில் பாதியை அள்ளிவிட்டு, செம்மண்ணோடு பொடிச் சரளை கலந்து நிரப்புங்கள். (பாலாற்று மணல் கேட்ட காலமெல்லாம் போய்விட்டது.) இனி, விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். உரத்தை மறந்துவிடுங்கள், கொழுத்த மண்ணில் தழைதான் வரும்.

என் தாத்தா பேரணாம்பட்டில் தோல் பதனிடும் இடமொன்றில் கணக்கு எழுதியவர். வாட்டில் என்ற வெளிநாட்டு மரத்தின் பட்டையும் குரோம் உப்பும் வந்து இடம் பிடிப்பதற்கு முன்பு, இந்தப் பக்கத்துத் தோலுக்கு ஆவாரம்பட்டைதான். அவருடைய பழைய நோட்டில் 'ஆ.பட்டை' என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அடியோடு வெட்டினாலும் அடுத்த மழைக்குத் தூரிலிருந்து தழைத்துவிடும் என்பார். ஆகவே கத்தரிக்கோலுக்குப் பயப்படாதீர்கள். பூ கிளை நுனியில்தான் வரும். செடி தேறியதும், முதல் மழைக்குச் சற்று முன்பு மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் புதுக் கிளைகள் நிறைய வரும்.

அந்தப் பச்சைப் புழுக்கள் பெரும்பாலும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள். தின்றுவிட்டுப் போகட்டும், இலை மறுபடி வரும். மருந்து அடித்தால் கருவண்டும் வராது. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் நுனியில் மட்டும் துளையுள்ள மகரந்தப் பைக்குள் அடைபட்டிருக்கும். வண்டு பூவைக் கட்டிக்கொண்டு 'கிர்ர்' என்று உலுக்கினால்தான் கொட்டும். ஒரு காலை நேரம் பக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நர்சரியில் ஆவாரை என்று கொடுத்தார்கள். உண்மையான ஆவாரைதானா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் காது மடல் போல வட்டமான சிற்றிலை ஒட்டிக்கொண்டிருக்கும். தாவரவியல் பெயரில் உள்ள 'ஆரிகுலேட்டா' இந்தக் காதைத்தான் சொல்கிறது. காது இல்லையென்றால் அது வேறு ஏதோ மஞ்சள் பூச்செடி. நல்ல செடியிலிருந்து காய்ந்த காயைப் பறித்து, விதையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து நிலத்திலேயே ஊன்றுங்கள். ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும்.