பால்வெட்டுக்கு எந்த டார்ச்?

அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ரப்பர் பால்வெட்டுக்கு விடியற்காலை 3 மணிக்கு இறங்குகிறேன். ஒரு நாளைக்கு 300 மரம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன டார்ச் ஒன்று வேண்டும். களியக்காவிளையில் ஒரு கடையில் உள்ளங்கை அளவு டார்ச்சைக் காட்டி 10,000 லூமன் என்கிறார்கள். வாங்கலாமா?"

வாங்க வேண்டாம். அந்த எண் பெரும்பாலும் பொய். லூமன் என்பது விளக்கு மொத்தமாகத் தரும் வெளிச்சத்தின் அளவு. நல்ல எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டுக்கு 100 லூமன், மிஞ்சிப் போனால் 150 லூமன் தரும். 10,000 லூமனுக்குக் கிட்டத்தட்ட 70 வாட்டாவது வேண்டும். ரேடியோ பழுது பார்ப்பவர் கையில் இருக்கும் பற்றவைப்புக் கோல் 25 வாட்தான், ஈயமே உருகிவிடுகிறது. நிஜமாகவே 1,000 லூமன் தருகிற சின்ன டார்ச்கூடச் சூடு தாங்காமல் சில நிமிடங்களில் தானாகவே வெளிச்சத்தை இறக்கிக்கொள்ளும்.

உங்கள் வேலைக்கு உச்ச வெளிச்சத்தைவிட, எவ்வளவு குறைக்க முடியும் என்பதுதான் கேள்வி. வெட்டும்போது கண்ணுக்கும் பட்டைக்கும் இடையே ஒன்றரை அடி இருக்குமா? அந்தத் தூரத்தில் 300 லூமன் அடித்தால், கசிகிற வெள்ளைப் பால் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். பட்டையின் நிறம் மாறுகிற இடம் தெரியாது. உள்மரத்தை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் வைத்து வெட்டுகிற வேலையில், கத்தி அதைத் தாண்டினால் மரம் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரத்தடியில் 30 முதல் 60 லூமன் தாராளம்.

ஆனால் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கும்போது அது போதாது. தை, மாசியில் இலை உதிர்ந்து கிடக்கிற தோட்டத்தில், சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் விரியனைப் பார்க்க 100 லூமனுக்கு மேல், அகலமாகப் பரவுகிற வெளிச்சம் வேண்டும். ஆகவே 5, 30, 120, 400 என்கிற மாதிரி படிகள் உள்ள டார்ச்சைத் தேடுங்கள். ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் மூன்று நான்கு மடங்காவது இருக்க வேண்டும். 200 லூமனை 100 ஆக்கினால் கண்ணுக்குக் கொஞ்சம் மங்கியதுபோல்தான் தோன்றும், பாதியானதாகத் தோன்றாது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் படியே இல்லாமல் ஏறி இறங்குகிற வகையும் உண்டு. பார்க்க அழகு. ஆனால் பால் பிசுபிசுக்கும் விரலோடு 300 தடவை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது என்பது என் கட்சி.

முதல் அழுத்தில் குறைந்த வெளிச்சம் வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். விட்டுவிட்டு மினுக்கும் வெளிச்சமும் இந்தப் படிகளின் வரிசையிலேயே கலந்திருந்தால் வேண்டவே வேண்டாம். என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. வெளிச்சத்தைக் குறைக்கப் போய் அது மின்னல்போல் வெட்ட ஆரம்பிக்க, எதிரே பைக்கில் வந்தவர் நிறுத்தி, என்ன ஆபத்து என்று விசாரித்தார்.

இன்னொரு சோதனையும் உண்டு. மலிவான டார்ச்சுகள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டு வெளிச்சத்தைக் குறைக்கும். குறைந்த படியில் வைத்து, அதன் முன்னால் ஒரு பேனாவை விரைவாக ஆட்டுங்கள். ஒரே பேனா வரிசையாகப் பத்துப் பேனாவாகத் தெரிந்தால் அந்த வகைதான். நான்கு மணி நேரம் கத்தி முனையையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அது தலைவலி.

வடிவத்தில், தலை பக்கவாட்டில் திரும்பியிருக்கும் டார்ச் நல்லது. நெற்றிப் பட்டையில் செருகலாம், கழற்றிக் கையிலும் பிடிக்கலாம். நெற்றியில் நடுவே வைக்காமல், கத்தி பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கம் சற்றே தள்ளி வையுங்கள். கையின் நிழல் வெட்டில் விழாது, பள்ளத்தின் ஆழமும் தெரியும். பனி மூடிய நாளில் நெற்றி வெளிச்சம் முகத்துக்கு முன்னால் வெள்ளைத் திரை கட்டிவிடும். அப்போது கழற்றி இடுப்பு உயரத்தில் பிடித்து நடந்தால் பாதை தெரியும்.

நிறத்தில் நீலம் பாய்ந்த வெள்ளை வேண்டாம். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் 4,000 முதல் 5,000, நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்று சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 90 என்று போட்டிருந்தால் பட்டையின் பச்சையும் பழுப்பும் பிரிந்து தெரியும்.

பேச்சிப்பாறைக்கு மேலே, யானை இறங்குகிற தோட்டம் என்றால் தூரம் எட்டுகிற டார்ச் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 200 மீட்டர் என்று போட்டிருந்தால், அந்தத் தூரத்தில் வெளிச்சம் நிலாவொளி அளவுக்கு இறங்கிவிடும் என்று அர்த்தம். யானையா புதரா என்று தெரிய அதில் பாதித் தூரத்தைக் கணக்கில் வையுங்கள்.

குமரியில் இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் தண்ணீரில் சற்று நேரம் மூழ்கினாலும் தாங்கும் ஐ.பி.எக்ஸ். 7 தரத்துக்குக் கீழே இறங்காதீர்கள். சட்டைப் பையில் போடும்போது பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் பெரும்பாலான டார்ச்சுகள் தானாக எரியாது.

கடைசியாக பேட்டரி. கழற்றி மாற்றக்கூடிய 18650 செல் (திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் உருளை வடிவ லித்தியம் செல்) போடுகிற டார்ச்சாக வாங்குங்கள். 3,000 எம்.ஏ.எச். கொள்ளளவு உள்ள நல்ல செல், 100 லூமனில் ஏழெட்டு மணி நேரம் தாங்கும். இரண்டு நாள் வெட்டுக்கு ஆகும். இந்த அளவு செல்லில் 3,600-ஐத் தாண்டுவதே அரிது. 9,900 என்று அச்சடித்திருந்தால் கையில் எடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராமை ஒட்டி நிற்கும். 30 கிராம் காட்டினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.