ஒரே அறையில் நிறைய பேர் வாழ்ந்தால் குழந்தைக்கு வயிற்றுக் கிருமி வருமா?

கேட்டிருப்பது அநேகமாக ஒரு அம்மா. "வீட்டைச் சுத்தமா வெச்சுக்கலை" என்று யாரோ சொல்லியிருப்பார்கள், சரிதானே? எனக்குச் சொன்னது என் நாத்தனார்.

எங்களுடையது வியாசர்பாடியில் ஒண்டுக்குடித்தனம். ஒரு அறை, ஆறு பேர். பாய் விரித்தால் நடக்க இடமிருக்காது. ஒன்பது வயதில் என் மகனுக்கு அடிக்கடி மேல்வயிற்று வலி வரும். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வான். பூச்சி மருந்து, ஓமத் தண்ணீர் எல்லாம் கொடுத்தோம். பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறான் என்று ஒருநாள் அடித்தும்விட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. மலம் கறுப்பாகப் போன பிறகுதான் எண்டோஸ்கோப்பி எடுத்தோம். சிறுகுடல் ஆரம்பத்தில் புண். காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற வயிற்றுக் கிருமி.

நாத்தனார் பானிபூரியைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் கேட்டதோ வேறு: எத்தனை பேர் ஒன்றாகப் படுக்கிறீர்கள், தண்ணீர் எப்படி வருகிறது, வீட்டில் யாருக்காவது அல்சர் உண்டா? என் மாமியாருக்கு இருபது வருட அல்சர். சூடு பார்த்துச் சோறு ஊட்டி இவனை வளர்த்தவரும் அவர்தான். அவரிடமிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. (நாத்தனாரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.)

இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டு ஆட்களிடமிருந்தே தொற்றுமாம். 1992இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த இங்கிலாந்து ஆய்விலும், சிறுவயதில் நெருக்கடியான வீட்டில், குழாயில் வெந்நீர் வராமல் வளர்ந்தவர்களிடம்தான் இது அதிகம். வெள்ளைக்காரனுக்கும் அதே கதைதான்.

"நாங்களும் பத்து பேர் ஒரே அறையில்தான் வளர்ந்தோம்" என்று சண்டைக்கு வருபவர்களே, கிருமி இருக்கும் பலருக்குத் தொந்தரவே தெரியாது. உங்களுக்குள்ளும் இருக்கலாம். அதற்காக, வயிறு வலிக்கிற பிள்ளைக்கெல்லாம் நீங்களாக மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். நான் டாக்டர் இல்லை.

இவனுக்கு 14 நாள், மூன்று மருந்து. வாயெல்லாம் கசக்கிறது என்று அழுவான். முடித்து ஒரு மாதம் கழித்து எடுத்த மலப் பரிசோதனையில் கிருமி இல்லை.

சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்கிறார்கள். எட்டுக் குடித்தனத்துக்கு இரண்டு கக்கூஸ். ஹவுஸ் ஓனர் காலையில் அரை மணி நேரம்தான் மோட்டார் போடுவார். கேட்டால் கரண்ட் பில்லை நீட்டுவார். அரசு கொடுக்கிற இலவச யூனிட் எங்கே போகிறது என்று கேட்டேன். இந்த வருடம் அட்வான்ஸை ஏற்றிவிட்டார்.