விரல் மரத்ததைவிட, பிடி தளர்ந்ததுதான் முக்கியம்

கேள்வி: எனக்கு வயது 43. மதுரை புதூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கொஞ்ச காலமாக கிராவல் சைக்கிள் (ஜல்லிப் பாதையிலும் ஓடும், கீழே வளைந்த ஹேண்டில்பார் வைத்த வண்டி) ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு சிறுமலை ஏறி, மேலே தோட்டங்களுக்குப் போகும் ஜல்லிப் பாதையில் சுற்றிவிட்டு இறங்குவோம். இறங்கி முடிக்கும்போது வலது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். முன்பெல்லாம் மதியத்துக்குள் சரியாகிவிடும். இப்போது இரண்டு வாரமாகியும் மரப்பு போகவில்லை. பொட்டலம் கட்டும்போது நூல் நழுவுகிறது, ஷட்டர் பூட்டில் சாவியைத் திருப்பவும் சிரமம். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஒரு கிளினிக்கில் சத்து ஊசி போட்டார்கள். எனக்குச் சர்க்கரை கிடையாது. சைக்கிளை விட்டுவிட வேண்டுமா?

பதில்: நூல் நழுவுகிறது, சாவி திருப்பச் சிரமம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மரப்பு மட்டும் இருந்தால் சில வாரம் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம் என்பேன். பிடி தளர்ந்தால் அப்படிக் காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே ஒரு நரம்பியல் மருத்துவரிடமோ எலும்பு மருத்துவரிடமோ கையைக் காட்டுங்கள். அதுவரை மலைப்பக்கம் போக வேண்டாம்.

என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறேன். முழங்கையின் உள்பக்கம் இடித்துக்கொண்டால் சுரீர் என்று ஷாக் அடிக்குமே, அந்த அல்னார் நரம்புதான் உள்ளங்கைக்குள் இறங்கி, சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் உணர்ச்சி கொடுக்கிறது. மணிக்கட்டைத் தாண்டியதும், உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிமேட்டில், இரண்டு சிறு எலும்புகளுக்கு நடுவே ஒரு குறுகலான வழியாக அது போகும். பிரெஞ்சு அறுவை மருத்துவர் கியோன் 1861-ல் விவரித்ததால் அதற்குக் கியோன் கால்வாய் என்று பெயர். ஹேண்டில்பாரில் நீங்கள் கையை ஊன்றும் இடம் சரியாக அதற்கு மேலேதான் இருக்கிறது. சப்பணமிட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போவதுபோல, அழுத்தம் விட்டதும் இதுவும் தெளிந்துவிடும். ஆனால் வாராவாரம் அதே இடம் நசுங்கினால் தெளிவதற்கு நாளாகும்.

அந்த இடத்தில் நரம்பு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை உணர்ச்சிக்கு. ஆழமாகப் போகும் இன்னொரு கிளை தசைகளுக்கு மட்டும். விரல்களை விரிப்பது, சேர்ப்பது, கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு இறுக்கிப் பிடிப்பது எல்லாம் அந்த ஆழக் கிளையின் வேலை. அது மட்டும் நசுங்கினால் துளி மரப்புகூட இல்லாமல் கை பலம் இழக்கும். அதனால் நாளைக்கே மரப்பு போய்விட்டாலும், 'சரி, ஆறிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் அதை உருவட்டும். இரண்டு கையிலும் செய்யுங்கள். வலது கையில் மட்டும் கட்டைவிரலின் நுனிக் கணு மடங்கி மடங்கிப் பிடிக்கப் பார்த்தால், அந்த ஆழக் கிளை இயக்கும் தசை பலவீனமாகிவிட்டது என்று பொருள். அப்புறம் இரு கைகளையும் கவிழ்த்து விளக்கொளியில் வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள சதையைப் பாருங்கள். இடது கையில் மேடாக இருக்கும் இடம் வலது கையில் குழிந்திருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு குறிப்பும் மருத்துவருக்கு உதவும். புறங்கையில் சுண்டுவிரல் பக்கத் தோலுக்குப் போகும் கிளை, மணிக்கட்டுக்குச் சில சென்டிமீட்டர் மேலேயே பிரிந்துவிடுகிறது. உள்ளங்கையில் நசுங்கினால் புறங்கை மரக்காது. புறங்கையும் மரத்திருந்தால் சிக்கல் முழங்கையிலோ அதற்கு மேலே கழுத்திலோ இருக்கலாம். நீங்கள் கடைக்காரர், கல்லாவில் முழங்கையை ஊன்றி உட்காரும் பழக்கம் இருக்கிறதா என்று யோசியுங்கள். முழங்கையில் நரம்பு தடித்திருந்தாலோ, உடம்பில் எங்காவது நிறம் மாறிய, உணர்ச்சியில்லாத தேமல் இருந்தாலோ கட்டாயம் சொல்லுங்கள். தொழுநோய் முதலில் தாக்கும் நரம்புகளில் இந்த அல்னார் நரம்பும் ஒன்று. சங்கடப்பட ஒன்றுமில்லை, அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து கொடுத்தே முழுதாகக் குணப்படுத்துகிறார்கள்.

சர்க்கரை இல்லை என்கிறீர்கள். எப்போது பார்த்தது? 43 வயதில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்பும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், மூன்று மாதச் சராசரியும் சேர்த்து. சர்க்கரை உள்ளவர்களின் நரம்பு கொஞ்சம் அழுத்தத்துக்கே சுருண்டுவிடும். தைராய்டு, பி12 இரண்டையும் அதே ரத்தத்தில் பார்க்கலாம். சத்து ஊசியைப் பற்றி: பி12 குறைவாக இருந்தால் ஊசி வேண்டும், இல்லையென்றால் நசுங்கிய நரம்புக்கு அது ஒன்றும் செய்யாது. பி6 சேர்ந்த மாத்திரைகளை அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கை கால்களை மரக்கவைக்கும். 'நரம்புத் தளர்ச்சி' என்று ஒரு பெயரைச் சொல்லி ஊசி போட்டு அனுப்புவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எந்த நரம்பு, எந்த இடம் என்று கேட்காமல் வைத்தியம் செய்ய முடியாது.

நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். பெரியாஸ்பத்திரி நரம்பியல் பிரிவில் காட்டலாம். எப்போதாவது உள்ளங்கை ஊன்றி விழுந்திருந்தால், அந்த அடிமேட்டை அழுத்தும்போது வலித்தால், அதையும் சொல்லுங்கள். அங்குள்ள சிறு எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம், சாதாரண எக்ஸ்ரேயில் அது தப்பிவிடும். பெரும்பாலானவர்களுக்கு அழுத்தத்தை நிறுத்தினாலே சில வாரங்களில் உணர்ச்சியும் பலமும் திரும்பிவிடுகின்றன. நரம்பின் உள்ளிருக்கும் இழையே அறுந்திருந்தால் அது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், மாதங்கள் ஆகும். நீர்க்கட்டி ஏதாவது அழுத்தினால்தான் பெரும்பாலும் அறுவை தேவைப்படும்.

சைக்கிளை விட வேண்டாம். ஆனால் ஏன் இறக்கத்தில்தான் மரக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஏறும்போது உடம்பின் பாரம் பின்னால் இருக்கும், கை சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். இறங்கும்போது பாரம் முன்னால் சரிந்து, உள்ளங்கை தாங்குகிறது. மணிக்கட்டு பின்னால் வளைகிறது. அதோடு ஜல்லியின் உதறல். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் விடாமல் பிரேக் பிடித்து வந்தால் விரல்களுக்கு இளைப்பாற நேரமே இல்லை. பயத்தில் பிடியை இறுக்க இறுக்க அதிர்ச்சி முழுதும் கைக்குள் போகிறது. நம் ஊரில் பெரும்பாலான சைக்கிள்களில் வலது கை பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. செங்குத்தான இறக்கத்தில் வண்டியை நிறுத்துவது முக்கியமாக அதுதான். பலமில்லாத வலது கையோடு, வளைவில் காட்டுமாடு நிற்கக்கூடிய பாதையில் உங்களை இறங்கவிட எனக்கு மனமில்லை.

கை பலம் திரும்பியதும் முதலில் டயர் காற்றைப் பாருங்கள். கல்லு மாதிரி அடித்து வைப்பவர்கள் நிறைய. டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள், கீழ்ப்பக்கமாக வையுங்கள். ரொம்பக் குறைத்தால் டியூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சராகும். சீட்டின் மூக்கு கீழே சரிந்திருந்தால் நிமிர்த்துங்கள், அந்தச் சரிவு உங்களைக் கைமேல் தள்ளுகிறது. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லுங்கள். கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள். இறக்கத்தில் ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்தால் ஒன்றிரண்டு விரலிலேயே பிரேக் நன்றாகப் பிடிக்கும். இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை நின்று கையை உதறுங்கள். மரக்கத் தொடங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள், கூட வருபவர்கள் காத்திருப்பார்கள். முதல் சில வாரம் அழகர்கோயில் ரோடு மாதிரிச் சமதளம் போதும்.

கை பலம் திரும்பும்வரை மோட்டார் பைக்கையும் குறையுங்கள், அதன் அதிர்வும் அதே இடத்தில்தான் இறங்குகிறது. கை முகம் ஒரு பக்கமாகத் திடீரென்று பலமிழந்தாலோ பேச்சு குழறினாலோ அது வேறு விஷயம், பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108.

மருத்துவரிடம் போகும்போது, சைக்கிளில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தபடி பக்கவாட்டில் எடுத்த ஒரு போட்டோவைக் கொண்டுபோங்கள். மணிக்கட்டு எவ்வளவு பின்னால் வளைகிறது என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.